திருச்சபைப் பாடலும் அதன் சோதனையும்

புதிய பாடலொன்றை ஒலிப்பதிவு செய்து பரப்புவது இந்நாளில் எளிதாகிவிட்டது. ஆனால் அது சபையின் நாவில் நிலைக்கத் தக்கதா என்பதை முன்னதாக அறிவது எங்ஙனம்? அச்சுப்பொறி பெருகிய சீர்திருத்தக் காலத்திலும் இதே வினா எழுந்தது.

1523ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில், பிரசெல்ஸ் நகரில் அகஸ்தீனியத் துறவிகள் இருவர் தங்கள் விசுவாசத்தினிமித்தம் எரிக்கப்பட்டனர். அவர்களைக் குறித்து மார்ட்டின் லூத்தர் இயற்றியதே அவருடைய முதற்பாடல் என்பர். எழுத்தறியாதோர் பலராயிருந்த அந்நாட்டில் பாடலே போதகமாயிற்று. எனவே பழுதான பாடல் பழுதான போதகமாகவே முடியும்.

முதற் சோதனை சொல்லைப் பற்றியது. அவ்வாண்டின் இறுதியில் சங்கீதங்களைப் பாடலாக்கும்படி ஸ்பாலாட்டினுக்கு எழுதிய லூத்தர், அரசவையின் புதுச்சொற்களை விலக்கி, எளியோர்க்கு விளங்கும் தூய சொற்களை ஆளுமாறு கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது இசையைப் பற்றியது. இலத்தீன் மெட்டை வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மொழிபெயர்ப்பதை அவர் 1525இல் கண்டித்தார். சொல்லும் அழுத்தமும் மெட்டும் தாய்மொழியினின்றே பிறக்கவேண்டும் என்றார். அவ்வாண்டில் யோகான் வால்ட்டரையும் கொன்ராட் ரூப்ஷையும் விற்றன்பெர்க்கிற்கு அழைத்து, மூன்று வாரம் தம்மோடு இருத்தி, ஜெர்மானிய ஆராதனைக்குரிய இசையைப் பாடியும் குழலில் ஊதியும் சோதித்தார்.

மூன்றாவது வழக்கத்தைப் பற்றியது. 1535இல் தம் கிறிஸ்து பிறப்புப் பாடலொன்றை நாட்டுப்புற விடுகதைப் பாடலின் மெட்டில் அமைத்தவர், 1539இல் அதற்கு வேறு மெட்டை அளித்தார். அச்சேறிய பின்னும் திருத்தத்திற்கு இடமிருந்ததென்பதை இதனால் அறிகிறோம்.

1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லூத்தரன் மிஷன் வழியே ஜெர்மானியப் பாடல்கள் அவற்றின் மெட்டுடனேயே தமிழில் வந்தன. அவை நம் முன்னோரின் பக்தியை வளர்த்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் லூத்தரின் இரண்டாம் சோதனைக்கு அவை முழுதும் நிற்கமாட்டா. நம் இசைமரபிலேயே கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) தொண்டு இவ்விடத்திலேயே சிறப்புறுகிறது.

ஆகவே, ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் செல்லுமுன் பாடலைக் கருவியிசையின்றிச் சிறு சபையொன்றில் பாடுவோமாக. சொல் விளங்குகிறதா, மெட்டு அச்சொல்லைச் சிதைக்கிறதா, அடுத்த வாரம் ஏட்டைப் பாராமல் பாடுகிறார்களா என்று கவனிப்போமாக. அவர்கள் பாடாது மௌனமாயிருப்பின், அம்மௌனத்தையும் தீர்ப்பாக ஏற்கும் தாழ்மை பாடலாசிரியருக்கும் போதகருக்கும் வேண்டும்.