நியூட்ரினோவைக் காட்டிக்கொடுக்கும் சிலிக்கான் பட்டைகள்: ஃபேசர் கருவி செயல்படுவது எப்படி?

துகள் மோதுவிப்பான்களில் புரோட்டான்கள் மோதும்போது நியூட்ரினோக்களும் ஏராளமாகத் தோன்றுகின்றன. எனினும், அவ்வாறு தோன்றிய நியூட்ரினோக்கள் பல பத்தாண்டுகளாக உறுதியாகக் கண்டறியப்படவில்லை. ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் ஃபேசர் குழு, 2023 மார்ச்சில் இக்குறையைப் போக்கியது.

என்ன சிக்கல்?

நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை; பருப்பொருளுடன் அது மிக அரிதாகவே வினைபுரியும். எனவே, அது அணுக்கருவில் மோதும்போது பிறக்கும் மின்னூட்டத் துகள்களைக் கொண்டே அதன் வருகையை அறிய முடியும். மியூவான் வகை நியூட்ரினோ மோதினால் மியூவான் என்ற துகள் வெளிப்படும்.

சிலிக்கானின் பங்கு

மின்னூட்டத் துகள் ஊடுருவும்போது சிலிக்கானில் எலக்ட்ரான்கள் விடுபட்டு, மெல்லிய மின்குறிப்பு உண்டாகிறது. ஃபேசரின் சிலிக்கான் தகடுகளில் உணர்பட்டைகள் 0.08 மி.மீ. இடைவெளியில் அமைந்துள்ளன. குறிப்பு எழுந்த பட்டைகளை அடுக்கடுக்காக இணைத்தால் துகளின் பாதை தெளிவாகும். இத்தகடுகள் இதற்கெனப் புதிதாகச் செய்யப்பட்டவை அல்ல. அட்லஸ் கருவிக்காகத் தயாரிக்கப்பட்டு, உதிரியாக வைக்கப்பட்டிருந்தவை.

கண்டறிவது எப்படி?

அட்லஸ் மோதல் மையத்திலிருந்து 480 மீட்டர் தொலைவில் ஃபேசர் உள்ளது. இடையிலுள்ள பாறை பெரும்பாலான துகள்களைத் தடுத்துவிடும். நியூட்ரினோக்களும் சில மியூவான்களும் மட்டுமே வந்துசேரும். மின்னூட்டத் துகள் பட்டால் ஒளிரும் உணரிகள் கருவியின் முகப்பில் உள்ளன. அவற்றை அடுத்து சுமார் 1.1 டன் டங்ஸ்டன் இலக்கும், பின்னால் சிலிக்கான் அடுக்குகளும் காந்தங்களும் உள்ளன.

முகப்பு உணரிகள் ஒளிராத நிலையில், பின்னுள்ள சிலிக்கானில் உயர் ஆற்றல் மியூவான் பதிவானால், அது டங்ஸ்டனுக்குள் பிறந்தது எனக் கொள்ளலாம். காந்தப்புலத்தில் அதன் பாதை வளையும் திசை, வந்தது நியூட்ரினோவா, எதிர் நியூட்ரினோவா என்பதைக் காட்டும்.

முடிவும் வரம்பும்

2022ஆம் ஆண்டுத் தரவுகளில் இவ்வாறு 153 நிகழ்வுகள் கண்டறியப்பட்டன. கண்டுபிடிப்பாக ஏற்க 5 திட்ட விலக்க அளவு போதும். இங்கு கிடைத்ததோ 16.

எனினும், எலக்ட்ரான் வகை நியூட்ரினோ உண்டாக்கும் துகள்பொழிவு டங்ஸ்டனிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். அதனை அறிய, டங்ஸ்டன் தகடுகளுக்கு இடையே புகைப்படப் படலங்கள் வைக்கப்பட்டுள்ளன. படலம் மோதல் நிகழ்ந்த இடத்தை நுட்பமாகக் காட்டும். ஆனால் நேரத்தைக் காட்டாது. நேரத்தையும் மியூவானின் மின்னூட்டத்தையும் அறிய, சிலிக்கான் உள்ளிட்ட மின்னணு உணரிகளே துணை.