வண்டுகடி: ஒரு குட்டி வரலாறு

உப்பளத்தில் மே மாதம் என்றால் கடல் காற்று, வியர்வை, அரிப்பு! போன வருடம் எனக்கு இடுப்பில் படர்தாமரை வந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் பூசினேன். மூன்றே நாளில் அரிப்பு போச்சு. கொஞ்ச நாளில் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது, தங்கைக்கும் ஒட்டிக்கொண்டது. நான் படிப்பது பி.காம். தான். ஆனாலும் ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன்.

எங்கள் ஆயா இதை வண்டுகடி என்பார். மருந்து சீமை அகத்தி இலை, அதற்கு வண்டுகொல்லி என்றே ஒரு பெயர். 'சீமை' சும்மா வரவில்லை, அது அமெரிக்க வெப்பமண்டலச் செடி. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய்ப் பக்கம் இதற்கு 'கோவா பவுடர்' பூசினார்கள். அது போர்த்துகீசியர் வழியாக வந்த பிரேசில் மரத்தூள். 1907-ல் லண்டன் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்டு, பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த களிம்பைச் சொன்னார். அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இதெல்லாம் மேல்பூச்சு. 1939-ல் ஒரு பூஞ்சையிலிருந்தே பிரித்தெடுத்த கிரிசியோஃபல்வின், மாத்திரையாக விழுங்கினால் வேலை செய்யும் என்று 1958-ல்தான் தெரிந்தது. 1990-களில் டெர்பினாஃபின் வந்தது. பூஞ்சை தன் செல்லுக்குச் சவ்வு கட்ட ஒரு நொதி வேண்டும். அந்த நொதியையே இது முடக்கிவிடும். கதை முடிந்தது என்று நினைத்தார்கள்.

முடியவில்லை! 2010-களின் நடுவில் இந்தியாவில் டெர்பினாஃபினுக்கு அடங்காத படர்தாமரை பரவியது. அந்த நொதியில் சின்ன மாற்றம், மருந்துக்குப் பிடி கிடைக்கவில்லை. 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் இதைத் தனி இனமாக அறிவித்து 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் நாடு! 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இது இருந்ததாக அறிக்கை வந்தது. அதில் ஒருவர் அண்மையில் வெளிநாடே போகாதவர்.

நான் வாங்கிய டியூப்பில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் இருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கும். நாம் குணம் என்று நினைக்கும்போது பூஞ்சை நிம்மதியாகப் படரும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்றது. அதே வருடம் செப்டம்பரில் 328 கலவை மருந்துகளைத் தடை செய்தது. ஆனாலும் கவுண்ட்டரில் கை நீட்டுபவர்கள் நாம்தானே?

கடைசியில் தோல் மருத்துவர் டியூப்பை நிறுத்திவிட்டு, இட்ரகோனசோல் மாத்திரை எழுதினார். பல வாரம், ஒரு நாளும் விடாமல். தங்கைக்கும் சேர்த்து வைத்தியம், ஆளுக்கொரு துண்டு. மலிவு என்று வாங்கிய டியூப்தான் எங்கள் வீட்டுக் கணக்கில் பெரிய நஷ்டம்.

அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள், நண்பர்களே. அதற்காகத்தான் அது காத்திருக்கிறது.