இருக்கை உரிமை (தமிழ்நாடு)

கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ளச் சட்டம் தரும் உரிமையே இருக்கை உரிமை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 22-அ பிரிவு இதை வழங்குகிறது.

மூலச் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. வார விடுமுறையும் தந்தது. இருக்கையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே வந்த தொழிற்சாலைகள் சட்டம், நின்றபடி வேலை செய்வோருக்கு உட்கார வசதி வேண்டும் என்று 44ஆம் பிரிவில் எழுதிவைத்தது. ஆக, துணி நெய்த ஆலைத் தொழிலாளிக்கு 1948இலேயே கிடைத்த உரிமை, அந்தத் துணியை விற்றவருக்குக் கிடைக்க மேலும் 73 ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

பெரிய ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் எடுத்துக் காட்டுவதும் நின்றபடிதான். வாடிக்கையாளர் போனபின் விரித்ததையெல்லாம் மடித்து அடுக்குவதும் நின்றபடிதான். கூட்டமில்லாத மதிய வேளையிலும் சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் அதட்டுவார். மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும்போது கால் சிரைகளில் ரத்தம் தேங்கும். நாளடைவில் சிரைகள் புடைத்துச் சுருளும். வெரிகோஸ் வெயின் எனப்படும் இந்நோயோடு கால் வீக்கமும் இடுப்பு வலியும் சேர்ந்துகொள்ளும்.

இந்த நிலையை எதிர்த்த குரல் முதலில் கேரளத்தில் வலுத்தது. அங்கே கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம், 'பெண்கூட்டு' அமைப்பின் வழியாக உட்காரும் உரிமைக்கான இயக்கமாக வளர்ந்தது. கேரளம் 2018இல் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் 2019 செப்டம்பரில் இக்கோரிக்கையை ஏற்றது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் 2021 செப்டம்பர் 6 அன்று சட்டமன்றத்தில் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார்.

பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்பதே முதலாளி மீது 22-அ பிரிவு சுமத்தும் கடமை. ஆண், பெண் என்ற பேதம் இதில் இல்லை. 'வேலையின்போது' உட்கார வாய்ப்பு என்று சட்டம் சொல்வதால், குடோனிலோ சாப்பாட்டு அறையிலோ நாற்காலி போட்டுவிட்டுக் கணக்குக் காட்டுவது சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றாது. அந்த நோக்கம் நிறைவேற, இருக்கை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்தவரைத் திட்டுவதும் கூடாது. தொழிலாளர் துறை அலுவலர்கள் கடைகளை ஆய்வு செய்கிறார்கள். இருக்கை இல்லாத கடையைப் பற்றி அவர்களிடம் புகார் தரலாம்.

பிரிட்டன் 1899இலேயே 3 கடைப் பெண்களுக்கு 1 இருக்கை என்று எண்ணிக்கையோடு சட்டம் செய்தது. 22-அ பிரிவு எல்லாப் பணியாளரையும் உள்ளடக்குவதால் அதைவிட விரிவானது. ஆனால் 'தகுந்த இருக்கை' எது, அது எங்கே இருக்க வேண்டும் என்பதை இப்பிரிவு வரையறுக்கவில்லை. தட்டிக்கழிக்க நினைப்பவருக்கு அந்த ஓட்டையே போதும். அரசு அதை அடைத்தாக வேண்டும்.