ஓர் இட்லி, ஒரு தோசை... இங்கிலீஷ் ‘ஏ, ஆன்’ இவ்வளவு ஈஸியா?

சாலவாக்கத்திலிருந்து கிளம்பி ஒரகடம் பக்கம் இன்டர்வியூவுக்குப் போறீங்க. “காலையில என்ன சாப்பிட்டீங்க?”னு இங்கிலீஷ்ல சாதாரணமா ஒரு கேள்வி. பதில் இட்லிதான். ஆனா, ‘ஏ இட்லி’யா, ‘ஆன் இட்லி’யா? இந்தக் குழப்பத்திலேயே சிலருக்கு வாய் அடைச்சுப்போகும். உண்மையில், தமிழ் மீடியத்தில் படிச்ச உங்களுக்கு இந்த விதி ஏற்கெனவே தெரியும்!

உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’, மற்ற இடங்களில் ‘ஒரு’ன்னு ஸ்கூல்ல படிச்சோமே... அதேதான். ஓர் இட்லி, ஓர் ஊத்தப்பம் என்றால் ‘ஆன்’. ஒரு தோசை, ஒரு வடை என்றால் ‘ஏ’.

சந்தேகமா? வார்த்தையை மனசுக்குள் தமிழில் எழுதிப் பாருங்க. முதல் எழுத்து அ முதல் ஔ வரை இருந்தால் ‘ஆன்’. ‘யூனிக்’ என்பது இங்கிலீஷில் ‘யு’ எழுத்தில் தொடங்கினாலும், தமிழில் ‘யூ’ உயிர்மெய். அதனால் ‘ஏ யூனிக் டிஷ்’.

கவனிக்கவேண்டியது, அடுத்து வரும் வார்த்தையை மட்டும்தான். ‘ஆன் இட்லி’, ஆனா ‘ஏ காஞ்சிபுரம் இட்லி’. ‘ஏ தோசை’, ஆனா ‘ஆன் ஆனியன் தோசை’. ‘ஆன் எக்’, ஆனா ‘ஏ பாயில்டு எக்’. ஒண்ணுக்கு மேல சாப்பிட்டிருந்தால் ரெண்டுமே வேண்டாம். ‘ஃபோர் இட்லீஸ்’ போதும்.

எண்ண முடியாத உணவுக்கும் ‘ஏ, ஆன்’ வராது. சாதம், சாம்பார், சட்னியை ‘கொஞ்சம்’னுதானே கேட்போம்? அந்த இடத்தில் ‘சம் ரைஸ்’, ‘சம் சாம்பார்’. எண்ணியே ஆகணும்னா பாத்திரத்தை எண்ணுங்க: ‘ஏ பிளேட் ஆஃப் ரைஸ்’. ‘ஒரு பிரெட்’ என்று நாம் சொல்வதை மட்டும் அப்படியே மாற்றக் கூடாது. அது ‘ஏ ஸ்லைஸ் ஆஃப் பிரெட்’.

அர்த்தமே மாறும் இடமும் உண்டு. ‘ஐ ஏட் சிக்கன்’ என்றால் கோழிக்கறி சாப்பிட்டீங்க. ‘ஐ ஏட் ஏ சிக்கன்’ என்றால் முழுக் கோழியையே முடிச்சுட்டீங்க! காபி பிடிக்கும் என்பதற்கு ‘ஐ லைக் காபி’ போதும். கடையில் ஒரு கப் கேட்கும்போது ‘ஏ காபி, ப்ளீஸ்’ சரியே.

இன்டர்வியூவில் ஒரு ‘ஏ’ இடறினால்கூட நீங்க சொன்னது எதிரில் இருப்பவருக்குப் புரிஞ்சுடும். அதனால நடுவில் நிறுத்தாம, வாக்கியத்தை முழுசா சொல்லி முடிங்க.