மவுண்ட்பேட்டனைக் கொன்ற ஐ.ஆர்.ஏ: ஒரே பெயரில் எத்தனை படைகள்? அயர்லாந்து ஆயுதப் போராட்டத்தின் கதை

1979 ஆகஸ்ட் 27. அயர்லாந்தின் மேற்குக் கரையில் முல்லக்மோர் என்ற சின்ன கடலோர கிராமம். விடுமுறைக்கு வந்திருந்த 79 வயது முதியவர் ஒருவர் குடும்பத்தோடு படகில் கிளம்புகிறார். கரையைத் தாண்டி கொஞ்ச தூரம் போனதுமே படகு வெடித்துச் சிதறுகிறது.

அந்த முதியவர், இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். அவருடைய 14 வயது பேரன், படகில் உதவிக்கு வந்த 15 வயது சிறுவன் உட்பட 4 பேர் உயிரிழந்தனர். அதே நாளில் வாரன்பாயிண்ட் என்ற இடத்தில் 18 பிரிட்டிஷ் ராணுவ வீரர்களும் கொல்லப்பட்டனர்.

இரண்டுக்கும் பொறுப்பேற்றது ஐ.ஆர்.ஏ, அதாவது ஐரிஷ் குடியரசுப் படை. சரி, எந்த ஐ.ஆர்.ஏ? இந்தக் கேள்விதான் முக்கியம். ஏன்னா அந்தப் பெயரில் இருந்தது ஒரே ஒரு படை இல்லை.

தொடக்கம் எங்கே?

அயர்லாந்தில் பல நூற்றாண்டுகளாக ஆங்கிலேய ஆட்சி. ஆனால் 'ராஜா வேண்டாம், குடியரசு வேண்டும்' என்ற ஆயுதக் குரல் பலமாக எழுந்தது 1798ல். அதை வழிநடத்திய வுல்ஃப் டோன் ஒரு புராட்டஸ்டன்ட். பிற்காலத்தில் இதை வெறும் கத்தோலிக்க - புராட்டஸ்டன்ட் சண்டையாகப் பார்ப்பவர்கள் மறந்துவிடும் விஷயம் இது. கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1801ல் அயர்லாந்து பிரிட்டனோடு முழுசாக இணைக்கப்பட்டது.

1845ல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி பெரும் பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் நாட்டை விட்டுப் போனார்கள். அமெரிக்காவுக்குப் போனவர்களின் கோபமும் பணமும் பின்னாளில் ஆயுதமாகத் திரும்பி வந்தது.

தோற்ற கிளர்ச்சி எப்படி ஜெயித்தது?

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தைக் கைப்பற்றிய கிளர்ச்சியாளர்கள், வாசலில் நின்று குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார்கள். ஆறே நாளில் எல்லாம் முடிந்தது. சுமார் 485 பேர் பலி, அதில் பாதிக்கும் மேல் பொதுமக்கள். டப்ளின்வாசிகள் பலருக்கே கிளர்ச்சியாளர்கள் மேல் ஆத்திரம்தான்.

பிரிட்டிஷ் ராணுவம் செய்த தவறு அதற்குப் பிறகு. 15 பேரை ஒரேயடியாக இல்லாமல், மே மாதத்தில் பத்து நாட்களுக்கு நாள் வைத்து நாள் வைத்து சுட்டுக்கொன்றது. காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்கார வைத்து சுட்டார்கள். மக்கள் மனசு அப்படியே மாறிப்போச்சு. 1918 தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73ஐ குடியரசுக் கட்சியான ஷின் ஃபெய்ன் அள்ளியது.

இதன் எதிரொலி இந்தியாவிலும் கேட்டது. 1930ல் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய சூர்யா சென் குழு வைத்துக்கொண்ட பெயர், இந்தியக் குடியரசுப் படை. தாக்கிய நாள், ஈஸ்டருக்கு முந்தைய புனித வெள்ளி.

அண்ணன் தம்பி சண்டை

1919 முதல் 1921 வரை மைக்கேல் காலின்ஸ் போன்றவர்கள் நடத்திய கொரில்லாப் போர்தான் முதல் ஐ.ஆர்.ஏ.வின் காலம். பிரிட்டன் பேச்சுவார்த்தைக்கு வந்தது. 1921 டிசம்பரில் ஒப்பந்தம். ஆனால் கிடைத்தது குடியரசு இல்லை. மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டிய 'சுதந்திர அரசு'. வடக்கில் 6 மாவட்டங்கள் பிரிட்டனிடமே நின்றன.

டப்ளின் நாடாளுமன்றத்தில் 64-க்கு 57 என்ற கணக்கில் ஒப்பந்தம் பாஸ் ஆனது. தோற்ற தரப்பு ஏற்கவில்லை. உள்நாட்டுப் போர் வெடித்தது. கையெழுத்திட்ட காலின்ஸை அவரோடு நின்றவர்களே 1922ல் சுட்டுக்கொன்றார்கள். அவருக்கு வயது 31. ஐரிஷ் அரசே 70க்கும் மேற்பட்ட பழைய தோழர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. முந்தைய போரில் பிரிட்டன் நிறைவேற்றியதைவிட இது அதிகம்.

எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் டி வலேரா. பத்தே வருஷத்தில் தேர்தலில் ஜெயித்து ஆட்சிக்கு வந்தவர், 1936ல் ஐ.ஆர்.ஏ.வைத் தடை செய்தார்!

வடக்கில் பற்றிய தீ

வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் வீடு, வேலை, ஓட்டு என எல்லாவற்றிலும் பாகுபாட்டைச் சந்தித்தார்கள். 1968ல் உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களுக்குக் கிடைத்தது போலீஸ் தடியடி. அடுத்த ஆண்டு கலவரம், பிரிட்டிஷ் ராணுவம் வந்திறங்கியது. 'நம்ம தெருவைக் காப்பாற்ற ஐ.ஆர்.ஏ எங்கே?' என்ற கோபத்தில் அமைப்பு மீண்டும் உடைந்து, புரொவிஷனல் ஐ.ஆர்.ஏ பிறந்தது. மவுண்ட்பேட்டனைக் கொன்றது இதுதான்.

1972 ஜனவரி 30ல் டெர்ரி நகரில் ஊர்வலத்தின் மீது ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள், ஒருவர் பின்னர் இறந்தார். இளைஞர்கள் வரிசையாக ஐ.ஆர்.ஏ.வில் சேர்ந்தார்கள். 1916ல் செய்த அதே தவறை பிரிட்டன் திரும்பவும் செய்தது. 1981ல் சிறையில் உண்ணாவிரதம் இருந்து 10 பேர் இறந்தார்கள். அதில் பாபி சாண்ட்ஸ் சாகும்போது பிரிட்டிஷ் எம்.பி.!

ஆனால் மறுபக்கத்தை மறைக்க முடியாது. 1974ல் பர்மிங்ஹாம் மதுக்கூடங்களில் வெடித்த குண்டுகளுக்கு 21 பேர் பலி. (அந்த வழக்கில் சம்பந்தமே இல்லாத 6 பேர் 16 வருஷம் சிறையில் கிடந்தது தனிக் கொடுமை.) இந்த 30 ஆண்டுகளில் 3,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழுக்களும் பலரைக் கொன்றன. ஆனால் ஏறத்தாழ பாதி உயிர்களை எடுத்தது புரொவிஷனல் ஐ.ஆர்.ஏ. அதில் நூற்றுக்கணக்கானோர் சாதாரண மக்கள்.

துப்பாக்கி எப்போது மௌனமானது?

1998 ஏப்ரல் 10ல் புனித வெள்ளி ஒப்பந்தம். வட அயர்லாந்தில் 71 சதவீத வாக்காளர்கள் ஆதரித்தார்கள். வழக்கம்போல இந்த முறையும் ஒரு பிரிவு ஏற்கவில்லை. 'ரியல் ஐ.ஆர்.ஏ' என்ற பெயரில் ஆகஸ்ட் 15ல் ஓமா நகரில் குண்டு வைத்து 29 பேரைக் கொன்றது. ஆனால் 1922 போல இல்லை. மக்கள் அந்தப் பிரிவின் பின்னால் போகவில்லை.

புரொவிஷனல் ஐ.ஆர்.ஏ 2005ல் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்தது. கனடா ஜெனரல் ஒருவர் தலைமையிலான குழு மேற்பார்வையிட்டது. இரண்டு பாதிரியார்கள் சாட்சி. 'நியூ ஐ.ஆர்.ஏ' என்ற சிறு குழு இன்னும் இருக்கிறது. 2019ல் டெர்ரியில் அது சுட்டதில் 29 வயது பெண் பத்திரிகையாளர் பலியானார்.

2024 பிப்ரவரியில் ஷின் ஃபெய்னின் மிஷெல் ஓநீல் வட அயர்லாந்தின் முதல் அமைச்சரானார். குடியரசுத் தரப்பிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர். இரண்டு அயர்லாந்தும் இணைய வாக்கெடுப்பு நடத்தலாம் என்று 1998 ஒப்பந்தத்திலேயே வழி இருக்கிறது. அதற்கு நாள் குறிக்கும் அதிகாரம் பிரிட்டிஷ் அமைச்சரின் கையில்.