காகிதம் வாங்கிக் கொடுத்தவன்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் கதை எழுதுகிறவர். மற்றவர் பாட்டுக் கட்டுகிறவர். எந்தக் கம்பெனியையும் நம்பாமல் வீட்டு அறையிலேயே பாடிப் பதிவு செய்து, தாமே வெளியிட்டு விடுகிறாராம். சொல்லி வைத்தாற்போல் இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சார், உங்களுக்குக் கற்பனை எப்போது வரும்?"

எனக்குப் பெரும்பாலும் பத்திரிகை ஆபீஸிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கும்போதுதான் வரும். அதைச் சொன்னால் மரியாதை போய்விடுமே! ஆகவே ஷூபர்ட்டின் கதையைச் சொன்னேன்.

வியன்னாவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் பிள்ளை பிரான்ஸ் ஷூபர்ட். 1797இல் பிறந்தவன். பதினொன்றாம் வயதில், பாடும் குரலுக்காக அரசாங்க விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே ஸ்பௌன் என்று ஒரு மூத்த மாணவன் இருந்தான். இவனைவிட எட்டு வயது பெரியவன். சின்னப் பையன் மனத்துக்குள் பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறான், எழுதிவைக்கக் காகிதமில்லாமல் தவிக்கிறான் என்று தெரிந்ததும், ஸ்வரம் எழுதும் கோடு போட்ட காகிதத்தைத் தன் காசில் வாங்கிக் கொடுத்தான். பையன் அதைத் தீர்த்த வேகம் ஸ்பௌனுக்கே திகைப்பாக இருந்ததாம்.

பிறகு ஷூபர்ட் தகப்பனாரின் பள்ளியிலேயே உபாத்தியாயராக உட்கார்ந்தான். சின்னக் குழந்தைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கும் வேலை. அந்த வேலைக்கு நடுவில்தான் 1815ஆம் வருஷத்தில் மட்டும் நூற்று நாற்பதுக்கு மேல் பாட்டுகள் எழுதினான். அவற்றில் ஒன்று 'எர்ல்கோனிக்', கதேயின் கவிதை. காய்ச்சல் கண்ட குழந்தையை அணைத்துக்கொண்டு ஒரு தகப்பன் இரவில் குதிரையில் விரைகிறான். குழந்தையின் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு பிசாசு அதைக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறது.

ஸ்பௌன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்: ஒரு மாலை நண்பர்கள் போனபோது ஷூபர்ட் புத்தகத்தைக் கையில் வைத்து உரக்கப் படித்தபடி அறைக்குள் நடந்துகொண்டிருந்தான், திடீரென்று உட்கார்ந்தான், எழுத முடிகிற வேகத்தில் பாட்டு காகிதத்தில் இறங்கிவிட்டது. வீட்டில் பியானோ கிடையாது. பழைய விடுதிப் பள்ளிக்கு ஓடி, அன்றிரவே வாசித்துப் பாடினார்கள்.

இதுவரையில் சொன்னதும் பாட்டுக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் நான் கதை எழுதிப் பிழைப்பவன். சுமார் நாற்பது வருஷம் கழித்து எழுதிய ஞாபகங்களில் எவ்வளவு ஜோடனை சேரும் என்று எனக்குத் தெரியும். அறிஞர்களும் இதைச் சந்தேகித்திருக்கிறார்கள். தவிர, அந்தப் பாட்டுக்கு ஷூபர்ட் எழுதிய பிரதிகள் நான்கு விதம் இருக்கின்றன. ஒரே மூச்சில் இறங்கியதாகச் சொல்லப்படும் பாட்டை நாலு தடவை தொட்டுத் திருத்தியிருக்கிறான்! இந்த இடத்தில் முகம் கொஞ்சம் வாடிற்று.

1816இல் ஸ்பௌன் பாட்டுகளைத் தொகுத்து, பணிவான கடிதத்துடன் கதேக்கே அனுப்பினார். கவியரசரின் வாசகத்துக்கு உயிர் கொடுத்த பாட்டுகள் அல்லவா? கட்டு திரும்பி வந்தது. ஒரு வரி பதில் இல்லை. மறு வருஷம் லைப்ஸிக் பிரசுரகர்த்தர்களுக்குப் போயிற்று. அவர்களுக்குத் தெரிந்த பிரான்ஸ் ஷூபர்ட் டிரெஸ்டனில் இருந்த வேறொரு சங்கீதக்காரர். பாட்டை அவருக்கே அனுப்பிவிட்டார்கள். தம் பெயரில் எவனோ இப்படிக் கிறுக்கியிருக்கிறானே என்று அவர் சீறிப் பதில் எழுதினார்.

1821 வரையில் பாட்டு அச்சாகவில்லை. வியன்னாவின் பிரசுரகர்த்தர்கள் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றார்கள். பெயர் தெரியாத ஆள், பியானோ பாகமோ விரலை ஒடிக்கும். கடைசியில் நண்பர்கள் சிலர் பணம் போட்டுத் தாங்களே அச்சிட்டார்கள். ஒருவர் வீட்டுச் சங்கீதக் கூட்டத்தில் பாட்டு தயார் என்று அறிவித்தவுடன், அங்கேயே நூறு பிரதிகள் விற்றுப்போயின. அடுத்த வெளியீட்டுக்கு அதுவே முதலாயிற்று. இன்று தாமே பாடித் தாமே வெளியிடும் பிள்ளைகளுக்கு இருநூறு வருஷத்துக்கு முந்திய தாயாதி ஒருவன் இருக்கிறான் என்று சொன்னேன்.

ஷூபர்ட் 1828இல் முப்பத்தோராம் வயதில் இறந்துபோனான். இரண்டு வருஷம் கழித்து ஒரு பிரபல பாடகி அந்தப் பாட்டைக் கதேயின் முன்னால் பாடினாள். கிழவர் மனம் நெகிழ்ந்து பாராட்டினார்.

அவர்கள் போனபின் கதேயின்மேல் எனக்குக் கோபம் பொங்கிற்று. எவ்வளவு பெரிய மனிதர், ஒரு வரி எழுதக் கூடாதா? கோபத்தோடு மேஜைப் பக்கம் திரும்பினேன். எழுத்தாள இளைஞர் வைத்துவிட்டுப் போன கையெழுத்துப் பிரதி. அதன் அடியில், மூன்று மாதத்துக்கு முன் யாரோ அனுப்பிய இன்னொன்று, கயிறுகூட அவிழ்க்கவில்லை. அதற்கும் அடியில் ஒன்று.

அடியில் இருந்ததை உருவி எடுத்தேன். முதல் பக்கத்திலேயே மூன்று எழுத்துப் பிழைகள். விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.