மேலே நூல்நிலையம், கீழே சிறைச்சாலை

"போர்ச்சுகலில் லிஸ்பனைப் பார்த்தால் போதாதா? கொயிம்பிராவுக்கு எதற்கு?" என்று கேட்டார் நண்பர். எனக்கோ அங்கே ஒரு பழைய கடன் இருந்தது. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய புத்தகம், 1578-ல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்.' அதைத் தமிழில் தந்த அண்டிரிக் அடிகளார் படித்த ஊர் கொயிம்பிரா.

மொண்டேகோ நதிக்கரை நகரிலிருந்து குன்றின்மேல் ஏறும் படிக்கட்டுக்கு 'முதுகொடிச்சான்' என்று பெயர். வைத்தவர் அநுபவஸ்தராகத்தான் இருக்கவேண்டும்!

1290-ல் தீனிஸ் மன்னர் லிஸ்பனில் ஸ்தாபித்த சர்வகலாசாலை, இரு நகரங்களுக்கும் இடையே மாறி மாறிக் குடிபோய், 1537-ல் இங்கே நிலைத்தது. அரசர்களின் அரண்மனையே அதற்கு வீடாயிற்று. சிம்மாசன மண்டபத்தில் இன்று டாக்டர் பட்டப் பரீட்சை நடக்கிறது. அரசன் இறங்கிய ஆசனத்தில் அறிவு அமர்ந்துவிட்டது என்று பூரித்துப் போனேன்.

பக்கத்தில் ஐந்தாம் ஜான் மன்னர் காலத்து நூல்நிலையம். எங்கும் தங்கப் பூச்சு. அங்கே வௌவால்களும் வாசம் செய்கின்றன. ஏட்டை அரிக்கும் பூச்சிகளை இரவில் அவை தின்றுவிடுகின்றன. அவற்றின் எச்சம் படாதிருக்க, மேஜைகளுக்குத் தோல் விரிப்புப் போட்டுவிட்டுப் போகிறார்கள். சம்பளம் கேட்காத காவலர்கள்!

சிரித்துக்கொண்டே கீழே இறங்கினேன். அங்கே இருந்தது சிறை. ஒரு காலத்தில் குற்றம் செய்த மாணவரைச் சர்வகலாசாலையே அடைத்துவைத்த இடம். சிரிப்பு நின்றது. அறிவு அமர்ந்தாலும் ஆசனத்தின் குணம் போகவில்லை போலும்.

1932 முதல் 1968 வரை பிரதமராயிருந்து நாட்டைத் தன் கைக்குள் வைத்திருந்த சலசார், இங்கே பொருளாதாரம் போதித்த பேராசிரியர்தாம். அவர் பதவி இழந்த மறு வருஷம், 1969 ஏப்ரல் 17-ஆம் தேதி, கணிதக் கட்டடத்தைத் திறக்க ஜனாதிபதி வந்தார். மாணவர் சங்கத் தலைவர் அல்பெர்த்து மார்த்தின்ஸ் எழுந்து, மாணவர் சார்பில் பேச அனுமதி கேட்டார். கேட்டது அவ்வளவுதான். அனுமதி கிடைக்கவில்லை, அன்றிரவே கைதானார். மாணவர்கள் பரீட்சையைப் பகிஷ்கரித்தார்கள். பலரைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்த்தார்கள்.

1974 ஏப்ரல் 25-ல் ராணுவத்தினரே அந்த ஆட்சியைக் கவிழ்த்தார்கள். பேச இடம் கிடைக்காத அந்த மாணவர் 2009-ல் நீதி மந்திரியானார்.

அண்டிரிக் அடிகளாரைத் தேடிப் போனேன். மார்த்தின்ஸைக் கண்டு திரும்பினேன். ஒருவர் தம் கல்வியோடு கடல் கடந்துவந்து நம் எழுத்துக்கு அச்சுருவம் தந்தார். மற்றவர் தம் நாட்டு ஜனங்களின் வாய்க்கு அநுமதி கேட்டார். இருவரையும் படிக்கவைத்தது ஒரே குன்றுதான். ஏட்டைப் பூச்சியிடமிருந்து காக்க வௌவால் போதும். ஏடு கற்பிக்கும் கேள்வியைக் காக்க மட்டும், எழுந்து நிற்கும் மனிதன் ஒருவன் வேண்டும்.